விளையாட்டுக் கணினி: தானே பொருத்துதலும் பொருத்தியதை வாங்குதலும்

விளையாட்டுக் கணினி என்பது முப்பரிமாண நிகழ்பட விளையாட்டுகளைத் தடங்கலின்றி ஓட்டுவதற்கேற்ற வரைகலைத் திறன் கொண்ட கணினி ஆகும். மேசைக் கணினி வகையில் இதைப் பெற இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. செயலி, தாய்ப்பலகை, கிராபிக்ஸ் கார்டு முதலிய உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்திக்கொள்வது ஒன்று. ஒரு நிறுவனம் பொருத்திச் சோதித்து ஒரே பெட்டியாக விற்பதை வாங்குவது மற்றொன்று. இந்தியாவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதில் உறுப்புகளை வாங்குபவர் தேர்ந்தெடுக்கிறார், கடைக்காரர் பொருத்தித் தருகிறார். பேச்சு வழக்கில் இது ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ என்றும், நிறுவனத் தயாரிப்பு ‘பிராண்டட் சிஸ்டம்’ என்றும் சொல்லப்படுகின்றன.

எது மலிவு என்பதே பொதுவாக முதலில் கேட்கப்படும் கேள்வி. விலை வேறுபாடு காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. ஆனால் கணினி ஓடாமல் நின்றுவிட்டால் பழுது எந்த உறுப்பில் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு யாருடையது என்பது ஒவ்வொரு வழியிலும் நிலையாக வேறுபடுகிறது. பல குடும்பங்களுக்கு இது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே செய்ய இயலும் செலவு. ஆகவே விலையோடு இந்தப் பொறுப்பையும் சேர்த்து எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி

ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினி, பிற நிறுவனங்களின் உறுப்புகளையும் ஏற்கும் திறந்த அமைப்பில் உருவாக்கப்பட்டது. அதைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் ஒத்தியங்கும் உறுப்புகளைத் தயாரிக்கத் தொடங்கின. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையை அறிமுகப்படுத்தியது. தாய்ப்பலகையின் அளவு 305 × 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இருக்க வேண்டிய இடங்கள், மின்வழங்கியின் இணைப்பான் ஆகியவற்றை அது வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகை இன்னொரு நிறுவனத்தின் கேபினட்டில் பொருந்துவது இத்தகைய பொது அளவுமுறைகளால்தான். சிறிய கணினிகளுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ் என்ற அளவுகள் பின்னர் வந்தன.

உறுப்புகளின் பொருத்தம்

பொது அளவுமுறை இருந்தாலும் எல்லா உறுப்பும் எல்லாவற்றோடும் சேராது. தானே பொருத்துபவர் கீழ்க்காண்பவற்றைத் தாமே சரிபார்க்க வேண்டும்.

செயலியும் தாய்ப்பலகையும்: செயலி அமரும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஎம்டி செயலிகளில் ஏஎம்4, ஏஎம்5 என்பனவும், இன்டெல் செயலிகளில் எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851 என்பனவும் அண்மைக் கால சாக்கெட்டுகள். சாக்கெட் பொருந்தினாலும், தாய்ப்பலகையின் பயாஸ் மென்பொருள் பழையதாக இருந்தால் புதிய செயலியை அது அடையாளம் காணாது. திரை இருண்டே இருக்கும். புதிதாகப் பொருத்துபவர்கள் இதைச் செயலியின் பழுது என்று எண்ணிவிடுவதுண்டு.

ரேம்: டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக முடியாது. 16 ஜிபி தேவை என்றால் ஒரே 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகள் பொதுவாக நல்லது. இரண்டு தடங்களில் தரவு செல்வதால் விளையாட்டுகளின் வேகம் கூடுகிறது.

கேபினட்: கிராபிக்ஸ் கார்டின் நீளமும் குளிர்விப்பானின் உயரமும் கேபினட்டுக்குள் அடங்க வேண்டும். முன்பக்கம் காற்று நுழைய வழியில்லாத கண்ணாடிக் கேபினட் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், நம் ஊர்க் கோடையில் செயலியின் வெப்பம் எளிதில் ஏறிவிடும்.

மின்வழங்கி

எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிதான் மூன்று வழிகளிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் உறுப்பு. விளம்பரத்தில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரிய எழுத்தில் இருக்கும். மின்வழங்கியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. மலிவான விலைக்குக் கணினி தருபவர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பதும் இதில்தான்.

உறையில் அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. மின்வழங்கியின் பக்கவாட்டு அட்டவணையில் அந்தத் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று குறித்திருப்பார்கள். அந்த எண்ணை 12ஆல் பெருக்கினால் உண்மையான திறன் கிடைக்கும். ‘450 வாட்’ என்று எழுதியிருந்தும் 12 வோல்ட் தடத்தில் 18 ஆம்பியர்தான் என்றால், 12 × 18 = 216 வாட் மட்டுமே கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டின் மின்தேவை 115 வாட். ரைசன் 5 5600 செயலியின் குறிப்பிட்ட அளவு 65 வாட். இரண்டும் சேர்ந்து 180 வாட் என்றாலும், இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைக்கும் மின்வழங்கி 550 வாட். பிற உறுப்புகளின் தேவையும், நொடிப்பொழுதில் எழும் மின்னோட்ட ஏற்றமும், எப்போதும் முழுச் சுமையில் ஓடக்கூடாது என்பதும் இதற்குக் காரணங்கள். ‘80 பிளஸ்’ சான்று பெற்ற மின்வழங்கியைத் தேர்வது நல்லது. அச்சான்று மின் பயன்பாட்டுத் திறனை மட்டுமே குறிக்கும். பாதுகாப்புச் சுற்றுகள் உள்ளனவா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

தானே பொருத்துதல்

ஒவ்வோர் உறுப்பும் எதுவென்று தெரிந்தே வாங்கப்படுவது இவ்வழியின் முதல் நன்மை. பணத்தைத் தேவையான இடத்தில் செலவிடலாம். பின்னாளில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவதும் எளிது. 2017இல் ஏஎம்4 தாய்ப்பலகையோடு கணினி பொருத்திய பலர், பயாஸைப் புதுப்பித்து, 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியை அதே பலகையில் பொருத்த முடிந்தது.

பொருத்தும் வேலைக்கு ஒரு நட்சத்திரத் திருப்புளியும் பொறுமையும் போதும். முதல் முறை என்றால் விடுமுறை நாள் ஒன்றை முழுதாக ஒதுக்க வேண்டும். வழக்கமாக நேரும் தவறுகள் சில:

செயலிக்கான மின்கம்பியைத் தாய்ப்பலகையின் மேல்மூலையில் செருக மறப்பது.

திரையின் கம்பியைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகுவது. இதனால் கார்டு இருந்தும் பயன்படாமல் போகும்.

ரேமின் முழு வேகத்தைப் பயாஸில் இயக்காமல் விடுவது.

சாக்கெட்டின் மெல்லிய ஊசிகளை வளைத்துவிடுவது. இத்தகைய சேதம் பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது.

மிகப் பெரிய இடர் பொருத்தும்போது வருவதன்று, பழுது வரும்போது வருவது. கணினி விளையாட்டின் நடுவே அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் மின்வழங்கியாகவும் இருக்கலாம், ரேம், கார்டு, வெப்பம் என வேறு எதுவாகவும் இருக்கலாம். ஒன்றை மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மாற்று உறுப்புகளோ, அவற்றை இரவல் தரும் நண்பரோ வேண்டும். கண்டுபிடித்த பின்பு, அந்த உறுப்பின் நிறுவனச் சேவை மையத்தைத் தனியே நாட வேண்டும்.

பொருத்தியதை வாங்குதல்

இதில் முழுக் கணினிக்கும் ஒரே உத்தரவாதம், ஒரே தொடர்பு. பழுது எதில் என்று சொல்ல வேண்டியது நிறுவனத்தின் வேலை. பெரும்பாலும் உரிமம் பெற்ற விண்டோசும் உடன் வருகிறது. கணினியைத் திறந்து பார்க்க விரும்பாதவர்களுக்கும், வேலைக்கோ படிப்புக்கோ அதே கணினியை நம்பியிருப்பவர்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. சில நிறுவனங்கள் தமக்கே உரிய வடிவில் தாய்ப்பலகையையும் மின்வழங்கியையும் அமைக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானால் சந்தையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் உறுப்பு பொருந்தாது. உத்தரவாதம் முடிந்த பிறகு இது சிக்கலாகும்.

இணையவழி விற்பனைத் தளங்களில் அதிகம் அறியப்படாத விற்பனையாளர்கள் தரும் ‘கேமிங் பிசி’களில் கூடுதல் கவனம் தேவை. ‘ஐ7 செயலி, 16 ஜிபி ரேம், 1 டிபி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். கோர் ஐ7 என்ற பெயர் 2008 முதல் இருக்கிறது. 2012இல் வந்த ஐ7 3770 செயலியும் ஐ7தான். பழைய அலுவலகக் கணினியின் செயலியைப் புதிய கேபினட்டில் வைத்து வண்ண விளக்கோடு விற்றாலும் அந்த விளம்பரம் பொய்யாகாது. ஆனால் விண்டோஸ் 11 இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே செயலியின் முழு எண், கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயர் ஆகியவற்றைத் தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நல்லது.

கடையில் பொருத்தித் தருதல்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, தில்லி நேரு பிளேஸ் போன்ற சந்தைகளிலும், பிற ஊர்களின் கணினிக் கடைகளிலும் இவ்வழி பரவலாக உள்ளது. உறுப்புகள் நம் தேர்வு, பொருத்துவது அனுபவமுள்ள கை. தொடக்கத்திலேயே ஏதேனும் ஓடவில்லை என்றால் கடையிலேயே மாற்றிப் பார்த்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ரசீது. ஜிஎஸ்டி ரசீதில் ஒவ்வோர் உறுப்பின் பெயரும் வரிசை எண்ணும் தனித்தனியே இருக்க வேண்டும். ‘கணினி ஒன்று’ என்று ஒரே வரியில் எழுதிய ரசீதைக் கொண்டு நிறுவனத்தின் உத்தரவாதத்தைக் கோருவது கடினம். உறுப்புகளின் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். பெட்டியின்றித் தனியாக விற்கப்படும் செயலிகளுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் நேரடி உத்தரவாதம் பொதுவாகக் கிடைப்பதில்லை, விற்பவரின் உத்தரவாதம் மட்டுமே உண்டு. பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு வழக்கமாக 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு.

விலையை ஒப்பிடும் முறை

பொருத்திய கணினியின் விலையையும் உறுப்புகளின் கூட்டு விலையையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். உறுப்புகளின் பட்டியலில் விண்டோஸ் உரிமத்தின் விலையையும் சேர்க்க வேண்டும். உரிமமில்லாத பிரதியை இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்வதை ஆதாயமாகக் கணக்கிடக்கூடாது. கணினிக்கும் அதன் உறுப்புகளுக்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடு. சொல்லப்படும் விலை வரி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண காலத்தில், ஒத்த தரத்தில், தானே பொருத்துவது பெரும்பாலும் மலிவாக இருக்கும். எப்போதும் அப்படியன்று. 2020 முதல் 2022 வரை, பெருந்தொற்றுக்காலத் தட்டுப்பாட்டாலும் மறையீட்டு நாணயம் ஈட்டுவோரின் தேவையாலும் கிராபிக்ஸ் கார்டுகளின் விலை வெகுவாக ஏறியது. மொத்தமாகக் கார்டுகளைப் பெற்றிருந்த நிறுவனங்களின் கணினிகள் அப்போது தனி உறுப்புகளைவிட மலிவாகக் கிடைத்ததுண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை உயர்ந்ததும் இத்தகையதே. எனவே பழைய அறிவுரையை நம்பாமல், வாங்கும் வாரத்தின் விலையைக் கொண்டு கூட்டிப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது ஏற்றது

கற்றுக்கொள்ளும் ஆர்வமும், பழுது வந்தால் சில நாட்கள் கணினியின்றி இருக்கும் வாய்ப்பும் உள்ளவர்களுக்குத் தானே பொருத்துவது ஏற்றது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் கணினியின் உள்ளமைப்பை அறிய இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி குறைவு. அருகில் நம்பகமான கடை உள்ளவர்களுக்குக் கடையில் பொருத்தித் தருவது நல்ல நடுவழி. சேவை மையம் எட்டும் தொலைவில் இருந்து, கணினி நின்றால் வேலை நின்றுவிடும் என்ற நிலையில் உள்ளவர்கள், உறுப்புகளின் விவரங்களை முழுமையாக வெளியிடும் நிறுவனத்தின் கணினியை வாங்கலாம்.

வாங்கிய பின்

பொருத்திய கணினி தபாலில் வந்தால், மின்சாரம் கொடுக்கும் முன் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே வைத்த பஞ்சுத் திணிப்பை அகற்ற வேண்டும். கனமான கார்டு பயணத்தில் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு முன், கதவைத் திறப்பது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். பின்னர் சிபியூ-இசட், ஜிபியூ-இசட் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு, சொல்லப்பட்ட உறுப்புகள்தாம் உள்ளே இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

வேறுபாடோ குறையோ இருந்து விற்பவர் தீர்க்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க முடியும். எந்த வழியில் வாங்கியிருந்தாலும் அங்கே முதலில் கேட்கப்படுவது ரசீதாகவே இருக்கும்.