மக்கள் திடலும் மூடிய சுரங்கமும்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் உள்ள எஸ்ஸன் நகரம் என்றதும் நிலக்கரியும் உருக்கும்தான் நினைவுக்கு வரும். நானும் அந்த எண்ணத்துடன்தான் அங்கே சென்றேன். ஆனால், அந்நகரில் நான் அதிக நேரம் செலவிட்டது கலைக்கூடங்களில்தான். ஒரு தொழில் நகரம் தன் தொழிலை இழந்த பிறகு கலையால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை அவை ஒருசேர எனக்கு உணர்த்தின.

முதலில் ஃபோல்க்வாங் அருங்காட்சியகம். கார்ல் எர்ன்ஸ்ட் ஓஸ்ட்ஹவுஸ் என்ற புரவலர் 1902-இல் அருகிலுள்ள ஹாகன் நகரில் இதை நிறுவினார். அவரது மறைவுக்குப் பின் 1922-இல் எஸ்ஸன் நகரம் அந்தக் கலைச் சேகரிப்பைப் பெற்றது. நார்ஸ் புராணத்தில் ஃப்ரெய்யா என்ற பெண் தெய்வத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் சொல்லே ஃபோல்க்வாங். மக்களின் திடல் என்று அதற்குப் பொருள் கூறலாம். அந்தப் பெயருக்கு இந்த நிறுவனம் தகுதியானதா என்பதுதான், ஒவ்வொரு கூடமாக நடந்தபோது என் மனதில் எழுந்த கேள்வி.

அப்பெயருக்கு நேர்ந்த பெரும் சோதனை 1937-இல் வந்தது. நவீனக் கலையைச் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்திய நாஜி அரசு, இங்கிருந்து மட்டும் 1,400-க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தது. மக்கள் எதைப் பார்க்கலாம் என்பதை அதிகாரம் முடிவு செய்ததன் விளைவு அது. போருக்குப் பின் இழந்தவற்றுள் சிலவற்றை மட்டுமே அருங்காட்சியகத்தால் மீண்டும் பெற முடிந்தது.

இன்று நாம் காணும் புதிய கட்டடத்தை டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்தார். 2010-இல் அது திறக்கப்பட்டது. மறுசுழற்சிக் கண்ணாடிப் பலகைகளாலான வெளிச்சுவர், படியேறும் சிரமமின்றி ஒரே தளத்தில் நீளும் கூடங்கள், நடுவே முற்றங்கள் என அது நம்மை மிரட்டாமல் வரவேற்கிறது. கட்டுமானச் செலவை ஏற்றது க்ரூப் அறக்கட்டளை. அந்தக் குடும்பத்தின் ஆலைகள் ஜெர்மனியின் போர்களுக்கு ஆயுதம் வார்த்தவை. அதன் தலைவர் ஆல்ஃபிரீட் க்ரூப், கட்டாய உழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காகவும் சூறையாடலுக்காகவும் 1948-இல் நியூரம்பெர்க்கில் தண்டிக்கப்பட்டவர். 2015 முதல் நிரந்தரச் சேகரிப்பைக் காணக் கட்டணம் இல்லை. அதற்கும் அதே அறக்கட்டளையே துணை நின்றது. அழகான கூடம் அந்த வரலாற்றை அழித்துவிடாது. ஆயினும், அச்செல்வம் பொதுமக்களின் கண்களுக்கு விருந்தாவதை வீண் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, நகரின் வடக்கே உள்ள சோல்ஃபெரைன் சுரங்க வளாகம். 1932-இல் இயங்கத் தொடங்கிய இதன் 12-ஆம் எண் சுரங்கவாய் நாளொன்றுக்குச் சுமார் 12,000 டன் நிலக்கரியை வெளிக்கொணர்ந்தது. எஸ்ஸன் நகரின் கடைசிச் சுரங்கமான இது 1986-இல் மூடப்பட்டது. இடித்துத் தரைமட்டமாக்காமல் மாநில அரசு இதைக் காப்பாற்றியது. 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இங்கிருந்த கோக் ஆலையின் உப்புக் கிடங்கில், இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியின் 'திட்டங்களின் அரண்மனை' நிறுவப்பட்டுள்ளது. சுருள் வடிவ மரக்கூடாரத்துக்குள் 65 திட்டங்கள். வாழ்வையும் உலகையும் மேம்படுத்தக் கற்பனை மனிதர்கள் தீட்டிய எளிய யோசனைகள் அவை. வேலை நின்றுபோன ஓர் ஆலைக்குள் நின்று அவற்றைப் படிக்கும்போது, கனவு காண்பதும் ஓர் உழைப்புதான் என்று தோன்றியது.

கோக் ஆலையின் ஓரத்தில் இன்னொரு படைப்பு. இரண்டு சரக்குப் பெட்டகங்களை இணைத்து, 2001-இல் இரு கலைஞர்கள் ஒரு சிறு நீச்சல் குளத்தை அமைத்தனர். கோடையில் அது நீந்துவோருக்குத் திறக்கப்படுகிறது. கலை என்று தெரியாமலேயே ஒரு குழந்தை அனுபவிக்கக்கூடிய கலை அது.

இதைக் கண்டு, சுரங்கத்தின் இடத்தைக் கலை நிரப்பிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கலைக்கூடம் தரும் வேலைகள் சுரங்கம் தந்த வேலைகளுக்கு ஈடாகாது. நகரைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் ஏ40 நெடுஞ்சாலையின் தெற்கே வசதி படைத்தோரும், வடக்கே வறியோரும் மிகுதி என்ற பிளவு இன்றும் நீடிக்கிறது. சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் குடியிருந்தது அந்த வடக்கில்தான்.

எனினும், கலை வேறொன்றைச் செய்கிறது. தந்தையும் பாட்டனும் உழைத்த இடம் குப்பைமேடாகாமல், மதிப்புக்குரிய இடமாக நிற்கிறது என்ற உணர்வை அடுத்த தலைமுறைக்கு அது தருகிறது. கட்டணமில்லாக் கதவும், யாரும் இறங்கலாம் எனும் குளமும் அந்த மதிப்பின் அடையாளங்கள்.

மக்களின் திடல் என்று பெயர் சூட்டுவது எளிது. வடக்கில் வாழும் சிறுவன் எவ்விதத் தயக்கமுமின்றி உள்ளே நுழையும் நாளில்தான் அப்பெயர் முழுமையாக மெய்யாகும். எஸ்ஸன் அந்த வழியில் பாதித் தொலைவைக் கடந்திருக்கிறது. மீதிப் பாதியைக் கடக்கக் கட்டடக் கலைஞர்கள் மட்டும் போதாது.