கூரைக்கு வந்த சூரியன் – 9: தெருவே திரண்டு வாங்கிய வெயில்

சோலார் பேனலின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பேனல் மலிந்த பிறகும் அதை வீட்டுக் கூரையில் ஏற்ற ஏன் இத்தனை செலவாகிறது? அமெரிக்காவில் இதற்கு நல்ல விடை ஒன்று கிடைக்கக் காரணமாக இருந்தவர்கள், பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருவர்.

வாஷிங்டனில் மவுண்ட் பிளசன்ட் என்றொரு குடியிருப்பு. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். அல் கோரின் பருவநிலை ஆவணப்படம் 2006இல் வந்தது. அதைப் பார்த்த ஒரு பையனும் அவன் நண்பனும், நம் வீட்டிலும் சோலார் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அம்மா ஆன்யா ஷூல்மன் விசாரித்தார். வாட்டுக்கு ஏறத்தாழ 8 டாலர். மத்திய அரசின் வரிச்சலுகையோ 2,000 டாலருக்கு மேல் கிடையாது. 3 கிலோவாட்டுக்கே 20,000 டாலருக்கு மேல் கைக்காசு போகும். அனுமதிக்கு அலைவது தனி. இவ்வளவு பாடும் படுவதென்றால் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்தே படலாம் என்று முடிவெடுத்தார் அவர்.

பையன்கள் துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போனார்கள். இரண்டே வாரத்தில் சுமார் 50 வீட்டார் பெயர் கொடுத்துவிட்டார்கள். 2007இல் கூட்டுறவுக் குழு உருவானது.

தனியாகப் போகிறவருக்கு ஒரு விலை, கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு விலை. ஏன்? சோலார் நிறுவனத்தின் ஆள் பல வீடு ஏறி இறங்கினால்தான் ஓரிடத்தில் வேலை கிடைக்கும். வீணாய்ப் போன அலைச்சலுக்கும் விளம்பரத்துக்கும் ஆன செலவு, ஒப்புக்கொண்ட அந்த ஒருவர் தலையில்தான் விடியும். குழுவில் அந்த அலைச்சலே இல்லை. கூரையில் நிழல் விழுகிறதா என்று முன்பே பார்த்துத் தகுதியான வீடுகளைப் பிரித்துவிடுகிறார்கள். பிறகு நிறுவனங்களிடம் கொட்டேஷன் கேட்டு, குடியிருப்பவர்களே உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அவரவர் தனித்தனியே கையெழுத்துப் போடுகிறார்கள். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம்.

இதே வழியில் 2009இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்திலும் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். மேகமும் மழையுமான அந்த ஊரில், ஆறு மாதத்தில் 130 வீடுகளில் சோலார் ஏறியது.

மவுண்ட் பிளசன்ட் குழு பேரத்தோடு நின்றிருந்தால் அதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தள்ளுபடிக்காகச் சேர்ந்தவர்கள் நகர மன்றத்தின் படியேறினார்கள் என்பதுதான் என் கண்ணில் பெரிய விஷயம். விதிகள் மாறாமல் விலை இறங்காது என்று அவர்களுக்குப் புரிந்துபோயிற்று. இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 45 வீடுகளின் கூரையில் பேனல்கள் ஏறின.

அப்படியும் ஒரு குறை மிஞ்சியது. வாஷிங்டனில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். சொந்தக் கூரை இல்லாதவர் என்ன செய்வார்? 2013இல் நகர மன்றம் கொண்டுவந்த சட்டம் அவர்களுக்கும் வழிவிட்டது. எங்கோ ஒரு கட்டடத்தின் மேல் நிற்கும் சோலார் நிலையத்தில் பங்கு எடுத்தால், அதில் விளையும் மின்சாரத்தின் மதிப்பு அவரவர் மின்கட்டணத்தில் கழியும். ஏழைக் குடும்பங்களின் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை நகர நிர்வாகம் பின்னர் கையிலெடுத்தது.

அந்தச் சிறு குழு இன்று பல மாநிலங்களில் இயங்கும் ‘சோலார் யுனைடெட் நெய்பர்ஸ்’ அமைப்பாக வளர்ந்திருக்கிறது. இனிதான் அதற்கு வேலை அதிகம். வீட்டுச் சோலாருக்கு மத்திய அரசு தந்துவந்த 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு டாலரையும் பேரத்தில்தான் இறக்க வேண்டும்.

அடுத்த வாரம், பால்கனியில் பேனல் மாட்டும் ஜெர்மனியின் வாடகைக் குடித்தனக்காரர்கள்.

(தொடரும்)