பூட்டிய பீரோவும் பெற்றோரின் பொறுப்பும்

ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்பதும், அங்கே செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் ஆகியவற்றோடு கதைப் புத்தகங்களும் கிடைக்க வேண்டும் என்பதும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டுள்ளன. அரசுப் பள்ளி நூலகங்களுக்கு ஆண்டுதோறும் 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை, பள்ளியின் நிலைக்கேற்ப மானியம் வழங்க ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வழிசெய்கிறது. இப்படி வந்துசேரும் நூல்கள் தமிழ்நாட்டின் பல ஊர்ப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவுக்குள் அடுக்கப்பட்டு, பிள்ளைகளின் கைக்கு வராமலே பழையனவாகிவிடுகின்றன. பள்ளி நூலகத்துக்கு உதவ விரும்பும் பெற்றோருக்குப் புத்தகம் வாங்கித் தருவதுதான் முதலில் தோன்றும். ஆனால் இருக்கின்ற புத்தகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று விசாரித்து அறிவது அதற்கும் முந்திய வேலை.

இதற்கு ஆசிரியரின் அக்கறையின்மையே காரணம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில், அதாவது பள்ளியின் உடைமைகளை வரிசை எண்ணும் விலையும் இட்டுக் குறித்துவைக்கும் ஏட்டில், ஏறிவிடுகிறது. தணிக்கையின்போதும், மாறுதலாகிச் செல்லும் ஆசிரியர் பொறுப்பை ஒப்படைக்கும்போதும் அந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். நூலகர் என்று தனியே ஒருவர் இல்லாத பள்ளியில் வகுப்பும் நடத்தி, அலுவலகக் கணக்கும் எழுதி, இந்தக் கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியர், இரவல் கொடுத்துத் தொலைப்பதைவிடப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்று கருதுவது இயல்பு.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் ஆங்கில நூலில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்துவைத்த வழக்கத்தை அங்கே எடுத்துக்காட்டி, நூலைக் காப்பதே நூலகத்தின் வேலை என்ற எண்ணம் எவ்வளவு பழமையானது என்பதை அவர் விளக்கினார். புழக்கத்தில் இருக்கும் நூல் சிறிது இழப்புக்கு உட்பட்டே தீரும் என்பதை அரசு விதிகளும் ஏற்கின்றன. ஓராண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவரை, ஏற்கத்தக்க இழப்பாகவே ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் கொள்கின்றன. அவை ஒன்றிய அரசு நூலகங்களுக்கு உரியவை என்றாலும், அவற்றின் பின்னுள்ள எண்ணம் ஒரு கிராமப் பள்ளிக்கும் பொருந்தும்.

பெற்றோர் தலையிட வேண்டிய இடம் இதுதான். மேற்சொன்ன சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவின் பணிகள். பிள்ளைகள் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், கிழிந்தாலும் தொலைந்தாலும் பிள்ளையைத் தண்டிக்கவோ ஆசிரியரின் கைப்பணத்தைக் கேட்கவோ கூடாது, ஈடாக வேறு பிரதியைக் குழுவே வாங்கி வைக்கும் என்று அக்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். இத்தீர்மானம் தணிக்கை விதிகளை மாற்றிவிடாதுதான். ஆயினும் இழப்பின் சுமையை ஆசிரியர் தனியே தாங்க வேண்டியதில்லை என்பதற்கு எழுத்துச் சான்றாக அது நிற்கும். பீரோவின் பூட்டைத் திறப்பதற்கு எத்தனை சுற்றறிக்கை வந்தாலும், ஊராரின் இந்த உறுதிமொழிக்கு உள்ள வலிமை அவற்றுக்கு வராது.

அடுத்துத் தேவைப்படுவது ஆட்களின் நேரம். நூலுக்கு எண் ஒட்டுவது, முத்திரையிடுவது, எடுத்தவர் பெயரை எழுதுவது, கிழிந்த தாளை ஒட்டுவது, கரையானும் ஈரமும் அணுகாதபடி அடுக்குகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது ஆகியவை தனிப் பயிற்சி வேண்டாத வேலைகள். ஈராசிரியர் பள்ளியில் இவற்றுக்கு ஆசிரியரால் நேரம் ஒதுக்க முடியாது. வாரத்தில் ஒரு பிற்பகல் இரண்டு தாய்மாரோ படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் முன்னாள் மாணவரோ வந்தால் போதும்.

மேளதாளத்தோடு தட்டுகள் ஏந்தி ஊர்வலமாக வந்து பள்ளிக்கு வேண்டிய பொருள்களை ஊரார் வழங்கும் ‘கல்விச் சீர்’ தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் நடக்கிறது. பள்ளியைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கருதிச் சீர் செய்யும் இந்த மனம் போற்றத்தக்கது. நாற்காலி, மின்விசிறி ஆகியவற்றோடு பிள்ளைகளே தேர்ந்தெடுத்த நூல்களும் அந்தத் தட்டுகளில் இடம்பெற வேண்டும். பழைய தேர்வு வழிகாட்டிகளையும் வீட்டில் யாரும் தொடாத தடித்த நூல்களையும் கொண்டுவந்து கொட்டுவது நூலகத்தை நிரப்புமே தவிர, பிள்ளைகளை அதன் பக்கம் ஈர்க்காது. வகுப்பின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ற, படங்கள் நிறைந்த மெல்லிய நூல்களே தொடக்கப் பள்ளிக்கு உதவும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், அவற்றை அச்சிட்டுத் தைத்து வழங்குவதும் குறைந்த செலவில் முடியும்.

எழுத்தறியாத பெற்றோர் இதில் தங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. பிள்ளை கொண்டுவந்த கதையை இரவில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பதும், பதிலுக்குத் தாம் அறிந்த கதையொன்றைச் சொல்வதும், நூலகம் வாரத்தில் ஒரு மணி நேரம் செய்யும் வேலையை வீட்டில் நாள்தோறும் செய்வதாகும். கோடை விடுமுறையில் பள்ளியே மூடப்படுவதால், விடுமுறைக்கு முன் ஆளுக்குச் சில நூல்களை வழங்கிவிடுமாறு மேலாண்மைக் குழு கேட்டுக்கொள்ளலாம். அருகில் ஊர்ப்புற நூலகமோ கிளை நூலகமோ இருந்தால், பிள்ளைகளை அங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடலாம். பொது நூலகங்களுக்கான வரியை ஊரார் தங்கள் வீட்டு வரியோடு சேர்த்து ஏற்கெனவே செலுத்தித்தான் வருகிறார்கள்.