'கண்'டுபிடித்த கணக்கு!

வைவாவுக்கு ரெண்டே நாள். ப்ராஜெக்ட்ல எதிர்பார்த்த ரிசல்ட் வரலை. என்ன பண்ணுவீங்க? 'கிராஃபைக் கொஞ்சம் நிமிர்த்திடு மச்சி, யாருக்குத் தெரியும்?' என்று எனக்கு ஐடியா கொடுத்தார்கள். நிமிர்த்துவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருந்தபோது, லைப்ரரியில் ஒரு டாக்டர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் டாக்டர் எம்.சீனிவாசன். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கருவிழி சிகிச்சை நிபுணர். 'எனக்கும் கண் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். கட்டுரைகளை வருஷ வரிசையில் படித்தால், ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கும் கதை அதில் இருக்கு!

முதல் கேள்வி, 'எத்தனை பேருக்கு?' நெல் தாளோ மண் துகளோ கண்ணில் கீறினால், அந்தக் கீறல் வழியாகக் கிருமி புகுந்து கருவிழியில் புண்ணாகும். ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நிற்கும். நம்ம பாட்டி 'கண்ணுல பூ விழுந்துடுச்சு' என்பார்களே, அதில் இதுவும் ஒன்று. மதுரை மாவட்டத்தில் வருஷத்துக்கு 10,000 பேரில் 11 பேருக்கு மேல் இந்தப் புண் வருவதாக 1996-ல் வெளியான கட்டுரை சொன்னது. அமெரிக்காவின் ஒரு கவுன்ட்டியில் எடுத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு! அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் சீனிவாசனும் ஒருவர்.

அடுத்த கேள்வி, 'எதனால்?' 1994-ல் மூன்றே மாதத்தில் வந்த 434 நோயாளிகளைப் பரிசோதித்து, 1997-ல் கட்டுரை எழுதினார். 284 பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்த 297 பேரில் 140 பேருக்கு பாக்டீரியா, 139 பேருக்கு பூஞ்சை. கிட்டத்தட்ட சரிபாதி! ரெண்டுக்கும் மருந்து வேற வேற. அதனால் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் சொட்டு மருந்து விட்டால், அது குருட்டாம்போக்குதான்.

மூன்றாவது கேள்வி, 'எந்த மருந்து?' இங்கேதான் எனக்கு செம ஷாக்! பாக்டீரியா புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்தால் பார்வை நன்றாகத் திரும்புமா? 500 பேரிடம் சோதித்தார்கள். யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு வெறும் சொட்டு என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2012-ல் வந்த பதில்: மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை வருஷ உழைப்புக்கு 'வித்தியாசம் இல்லை'! அதை அப்படியே எழுதினார்கள். முதல் பெயர் சீனிவாசனுடையது.

பூஞ்சைக்கும் அதே மாதிரி ஒரு போட்டி. 1978-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய பழைய நேட்டமைசினா, 2002-ல் வந்த புது வோரிகோனசோலா? நம்மகிட்ட கேட்டா 'புதுசுதான் பெஸ்ட்' என்று கண்ணை மூடிக்கிட்டு சொல்லியிருப்போம். 940 பேரைப் பரிசோதித்து 323 பேரைச் சேர்த்தார்கள். 2013-ல் ரிசல்ட்... ஜெயித்தது பழசு! அதிலும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இந்தக் கட்டுரையில் முதல் பெயர் அரவிந்தின் டாக்டர் என்.வெங்கடேஷ் பிரஜ்னா, சீனிவாசன் பெயர் ஆறாவது. வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால்? 240 பேரிடம் சோதித்தார்கள். 2016-ல் வந்த பதில்: மொத்தத்தில் கூடுதல் பலன் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ரிசல்ட்டைக் கொஞ்சம் 'நிமிர்த்தி' எழுதியிருந்தால்? ஏதோ ஒரு ஊரில், அறுவடையில் கண் கீறின ஒரு அம்மாவுக்குத் தப்பான சொட்டு போயிருக்கும். கண்ணும் போயிருக்கும்.

சரி, உங்க வீட்டுக்கு ஒரு விஷயம். வயலில் கண்ணில் ஏதாவது பட்டு, சிவந்து வலித்தால், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விட வேண்டாம். பழைய பாட்டிலில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு வேண்டவே வேண்டாம். பூஞ்சையாக இருந்தால் அது இன்னும் வேகமாகப் பரவும். அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

என் ப்ராஜெக்ட்? கிராஃபில் கை வைக்கலை. 'எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை' என்றே எழுதிட்டேன். வைவாவில் முதல் கேள்வியே 'ஏன் கிடைக்கலை?' என்பதுதான். அதுக்கு என்னிடம் பதில் இருந்தது!