இடுப்புக்கு எந்தக் கத்தி?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, கரும்பு பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், சூரிக்கத்தி மேலா, மடக்குக் கத்தி மேலா என்று நம்மிடம் கேட்டார். அவருடைய ஆட்காட்டி விரலில் கட்டு இருந்தது. வெல்ல மூட்டையின் சணல் முடிச்சை மடக்குக் கத்தியின் முனையால் குத்தி நெம்பியிருக்கிறார். அலகு மடிந்து விரலை அறுத்துவிட்டது. விடையில் பாதி அந்தக் கட்டிலேயே இருந்தது.

மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் கீலில் உள்ளது. சாதாரணக் கத்திகளில் அலகை நிறுத்தி வைப்பது முதுகுப்புறத்து வில் ஒன்றே. குத்தும்போது அது விட்டுக்கொடுக்கும். 1890 முதல் மடக்குக் கத்தி செய்துவந்த பிரான்சு தேசத்து ஓப்பினெல் கம்பெனியாரே, கழுத்தில் சுழலும் பூட்டு வளையத்தை 1955-இல்தான் சேர்த்தனர். மேலும், கரும்புச் சாறும் மண்ணும் கீலுக்குள் புகுந்தால் எளிதில் வெளிவரா; துருவே மிஞ்சும். சூரிக்கத்தியில் மடிவதற்கு இடமே இல்லை. கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

ஆகவே தோட்டத்துக்கு நான்கு விரற்கடை அலகுள்ள சூரிக்கத்தியே நமது சிபாரிசு. உறை தடித்த தோலாக இருத்தல் அவசியம். மெல்லிய உறையைக் கிழித்துக்கொண்டு முனை தொடையில் ஏறும். தறியில் நூல் நறுக்கும் சின்னாளப்பட்டி நெசவாளருக்கு மடக்குக் கத்தி தாராளமாகப் போதும். பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குக.

ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் குறிப்பிட்டு, விவசாயத்துக்கும் வீட்டுக்கும் செய்தவற்றை விலக்குகின்றன. இருப்பினும், பழனித் தைப்பூசக் கூட்டத்துக்குச் செல்லும்போது இரண்டையும் வீட்டிலேயே வைத்துச் செல்க.