அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பது

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கைபேசியின் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுங்கள். அதன் முதுகில் எறும்பு வரிசைபோல் பொடி எழுத்துகள் தெரியும். அவற்றை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. நானும் ஒருகாலத்தில் படித்ததில்லை.

அம்பூரிக்குப் பணியேற்று வந்த புதிதில், மாலைதோறும் நாகர்கோவில் வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்பது என் வழக்கம். ஒருநாள் வானொலிப் பெட்டியின் அடாப்டரைக் காணவில்லை. இணைய இணைப்புக் கருவியின் அடாப்டரைச் செருகினேன். முனை அழகாகப் பொருந்தியது. சில நொடிகளில் கருகிய நாற்றம் எழுந்தது. பெட்டி வேண்டியது 6 வோல்ட். நான் கொடுத்ததோ 12 வோல்ட். முனை பொருந்துவதால் மின்னழுத்தமும் பொருந்திவிடாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த எழுத்துகளில் 'இன்புட்' என்பது உள்ளீடு. அங்கே 100–240 வோல்ட் எனக் காணலாம். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. எனவே இத்தகைய அடாப்டர் எல்லா நாட்டிலும் இயங்கும். ரப்பர் மரக்கிளை கம்பியில் சாய்ந்து விளக்கு மங்கும் நாளிலும், மின்னழுத்தம் 100-க்குக் கீழே இறங்காதவரை, கைபேசி மின்னேறுவது இதனால்தான்.

'அவுட்புட்' என்பது வெளியீடு. அங்கே '5 வோல்ட், 2 ஆம்பியர்' என்றிருந்தால், இரண்டையும் பெருக்குங்கள்: 10 வாட். அதுவே அந்த அடாப்டர் தரக்கூடிய திறன். அடாப்டரை மாற்றும்போது வோல்ட் எண் கருவி கேட்பதோடு ஒத்திருத்தல் வேண்டும். ஆம்பியர் எண் கூடுதலாக இருப்பின் தீங்கில்லை. கருவி தனக்கு வேண்டிய அளவையே இழுத்துக்கொள்ளும். குறைந்தால் அடாப்டர் சூடேறும். முனையின் நேர்மின், எதிர்மின் குறிகளும் ஒத்திருக்க வேண்டும். தமிழரும் மலையாளிகளும் எல்லாவற்றையும் 'கரண்டு' என்றே சொல்லிவிடுகிறோம்; என் வானொலியைக் கெடுத்ததோ கரண்டு அன்று, வோல்ட்!

ஓரத்தில் சிறு வட்டத்துக்குள் ரோமன் எண் ஒன்று இருக்கலாம். அது திறன்மிகு பயன்பாட்டைக் காட்டும் பன்னாட்டுக் குறி. எண் உயர உயர வீணாகும் மின்சாரம் குறையும். ஆறாம் நிலையிலுள்ள சிறிய அடாப்டர், கைபேசி இணைக்கப்படாமல் சுவரில் தொங்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் எடுத்தலாகாது. ஆண்டு முழுதும் தொங்கினாலும் ஒரு யூனிட் ஆகாது. இரும்புக் கருவும் செம்புச் சுருளும் கொண்ட பழைய கனத்த அடாப்டர் சும்மா இருக்கும்போதே கை சுடும். அது 2 வாட் எடுப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 17 யூனிட் வீணாகும்.

ஒன்றனுள் ஒன்றாக இரு சதுரங்கள் இருப்பின், அது இரட்டைக் காப்புடையது, நிலக்கம்பி வேண்டியதில்லை. ஆயினும் அக்காப்பு மின்னலுக்கு ஈடு நில்லாது. மலையாளத்தில் துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி இடிமழை தொடங்குமுன் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். இடிக்கத் தொடங்கியபின் அதைத் தொடலாகாது.