1 லிட்டர் எண்ணெய்க்கு 160 கிராம் காஸ்டிக் சோடா

நாகரசம்பட்டிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள், செக்கில் ஆட்டிய எண்ணெயில் வீட்டுக்குச் சோப்பு காய்ச்ச நினைத்தால், அடுப்படிக்குப் போகுமுன் கணக்கைப் பார்க்க வேண்டும். மிஞ்சும் காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும்.

எண்ணெய்: 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 183 கிராம் சோடா வேண்டும். பாதுகாப்புக்காக 5 சதவீதம் குறைத்தால் 174 கிராம். ஆனால் 1 லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். அதற்கு 160 கிராம் போதும். லிட்டரைக் கிலோவாக நினைத்து 174 கிராம் போட்டால், 5 கிராமுக்கு மேல் சோடா சோப்புக் கட்டியிலேயே தங்கிவிடும். கடலை எண்ணெய் கிலோவுக்கு 136 கிராம்தான் தாங்கும். அதில் தேங்காய் எண்ணெய்க்குரிய 174 கிராமைப் போட்டால் 38 கிராம் மிகுதி. அந்தச் சோப்பு உடம்புக்கு ஆகாது.

தண்ணீர்: 160 கிராம் சோடாவுக்கு 400 மில்லி. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தீயே மூட்டாமல் கரைசல் 80 டிகிரியைத் தொடும். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியம் கூடவே கூடாது. 1 கிராம் அலுமினியம் கரைந்தால் 1 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் கிளம்பும். அது தீப்பற்றும் வாயு.

கழிவறை: சோடாவைப் போலவே, கழிவறை கழுவும் பொருள்களிலும் கணக்குப் பார்க்க வேண்டும். அறை 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி என்றால் 6.8 கன மீட்டர் காற்று. 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், ஆசிட்டோடு சேர்ந்தால் அரை லிட்டர் குளோரின் வரை வெளிவரும். காற்றில் பத்து லட்சத்துக்கு 75 பங்கு. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என வகுத்த அளவு 10 பங்கு. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

சட்டம்: ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, ஆசிட் வாங்க அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இருப்பைக் கணக்கில் காட்டாத கடைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

செலவு: சோப்பு காய்ச்ச டிஜிட்டல் தராசு சுமார் 400 ரூபாய், பாதுகாப்புக் கண்ணாடி 100, ரப்பர் கையுறை 100. மொத்தம் 600.

சோடாக் கரைசல் கண்ணில் தெறித்தால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் கழுவுங்கள், 108-ஐ அழையுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை பார்வையைக் காப்பது அந்தத் தண்ணீர்தான். 600 ரூபாய் கையில் இல்லாவிட்டால் சோடா வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.